பல்லும் உடம்பும் ஒரே சீட்டில்: வாசகர் கேள்வி பதில்

பல் சிகிச்சையைப் பொது மருத்துவத்தோடு இணைப்பது குறித்துச் சமுதாய சுகாதார மையங்களில் வேலை செய்பவர்களும் அங்கே சிகிச்சை பெறுபவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். பதில் எழுதியவர்கள் பல் மருத்துவமும் பொது மருத்துவமும் அறிந்தவர்கள்.

கேள்வி: எங்கள் மையத்தில் பொதுப் பிரிவு கீழ்த்தளத்தில், பல் பிரிவு மாடியில். ஒரே கட்டடம்தான், ஆனால் அவரவர் வேலை அவரவருக்கு. இரண்டையும் இணைக்கச் சொல்லிச் சுற்றறிக்கை வந்திருக்கிறது. எங்கே தொடங்குவது?
— மருத்துவ அலுவலர் ஒருவர்

பதில்: மாடியில் தொடங்காதீர்கள். கீழே ரத்த அழுத்தமும் எடையும் பார்க்கும் மேசையில் தொடங்குங்கள். அங்கே இருக்கும் செவிலியர் மூன்று கேள்விகள் கேட்டால் போதும். இப்போது பல்லிலோ வாயிலோ வலி, வீக்கம், ஆறாத புண் இருக்கிறதா? பல் துலக்கும்போது ரத்தம் வருகிறதா, பல் ஆடுகிறதா? பல் மருத்துவரைப் பார்த்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதா? முதல் கேள்விக்கு 'ஆம்' என்றால் அன்றைக்கே மாடிக்கு. இரண்டாவதற்கு 'ஆம்' என்றால் சில வாரங்களுக்குள் ஒரு நாள் குறித்துக் கொடுக்க வேண்டும். மூன்றாவது மட்டும் 'ஆம்' என்றால் வழக்கமான வரிசை.

இதை முதல் நாளே எல்லா நோயாளிகளிடமும் கேட்கத் தொடங்கிவிடாதீர்கள். பெரும்பாலான மையங்களில் திட்டம் படுத்துப்போவது இதனால்தான். முதல் வாரத்திலேயே பல் பிரிவில் கூட்டம் நெரியும், 'இனி அனுப்பாதீர்கள்' என்று மேலிருந்து சொல்லி அனுப்புவார்கள், கீழே கேட்பதை நிறுத்திவிடுவார்கள். ஒரே ஒரு பிரிவினரை எடுத்துக்கொள்ளுங்கள். எங்களைக் கேட்டால் சர்க்கரை நோயாளிகள் என்போம். மாத்திரைக்காக எப்படியும் திரும்பி வருவார்கள். வராமல் விட்டவரைப் பிடிப்பது எளிது. ஈறு நோயும் அவர்களுக்குத்தான் அதிகம். அது ஓடத் தொடங்கியபின் கர்ப்பிணிகள், அதன்பின் தடுப்பூசிக்கு வரும் குழந்தைகள்.

அடுத்தது சீட்டு. 'பல் பார்க்கவும்' என்று மட்டும் எழுதிய சீட்டால் ஒரு பயனும் இல்லை. எதற்காக அனுப்புகிறோம், எவ்வளவு அவசரம், என்னென்ன நோய்கள், என்னென்ன மாத்திரைகள் எந்த அளவில், கடைசியாகப் பார்த்த ரத்த அழுத்தமும் மூன்று மாதச் சராசரி சர்க்கரையும் தேதியோடு, எந்த மருந்துக்கு ஒவ்வாமை: இவ்வளவும் இருக்க வேண்டும். பெரும்பாலான மையங்கள் மறந்துவிடுவது அதே சீட்டின் பின்பக்கத்தை. பல் மருத்துவர் என்ன செய்தார், என்ன மருந்து கொடுத்தார், அடுத்து எப்போது வர வேண்டும், பொது மருத்துவர் கவனிக்க வேண்டியது என்ன என்ற நான்கு வரிகள் அங்கே நிரப்பப்பட்டு, நோயாளியின் பொதுக் கோப்புக்குத் திரும்ப வேண்டும். இந்தத் திரும்பும் பாதை இல்லையென்றால் அதை இணைப்பு என்று நாங்கள் ஒப்புக்கொள்ள மாட்டோம். கணினியில் இரண்டு பிரிவுக்கும் தனித்தனி மென்பொருள் இருந்தால், நோய்ப் பட்டியலும் மருந்துப் பட்டியலுமாவது இரு பக்கமும் தெரிய ஏற்பாடு செய்யுங்கள். முடியாவிட்டால் அச்சடித்துக் கையில் கொடுத்துவிடுங்கள்.

பல் பிரிவில் காலையில் ஓர் இடமும் மதியம் ஓர் இடமும் முன்பதிவு இல்லாமல் காலியாக வைத்திருக்க வேண்டும், கீழிருந்து அன்றே வருபவர்களுக்காக. குறித்த நேரம்வரை யாரும் வராவிட்டால் காத்திருப்பவரைக் கூப்பிட்டுக்கொள்ளலாம். அவசரமானவரைச் செவிலியரோ உதவியாளரோ கையோடு அழைத்துப்போய் மேலே விட்டுவிட்டு வர வேண்டும். 'வியாழக்கிழமை வாருங்கள்' என்று சீட்டு கொடுத்தால், அதற்குள் வலி அடங்கிவிடும். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மறுபடி வர அவருக்கு மனம் வராது. வாரத்துக்கு ஒரு முறை, அனுப்பியும் வராதவர் பட்டியலைப் பார்த்துத் தொலைபேசியில் கூப்பிட ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். 'எல்லோரும் பார்த்துக்கொள்வோம்' என்று விட்டால் ஒருவரும் பார்க்க மாட்டார்கள்.

கேள்வி: இனி நாங்களும் நோயாளியின் வாயைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். பல் மருத்துவம் படிக்காத நாங்கள் எதைப் பார்ப்பது? எவ்வளவு நேரம் ஆகும்?
— செவிலியர் ஒருவர்

பதில்: பழகிவிட்டால் இரண்டு நிமிடம். நோயைக் கண்டுபிடித்துப் பெயர் சொல்ல வேண்டியது உங்கள் வேலை இல்லை. இயல்பாக இல்லாத ஒன்றைப் பார்த்து, உரியவரிடம் அனுப்பினால் போதும்.

தேவையானவை கையுறை, நல்ல வெளிச்சம் தரும் டார்ச் (தலையில் மாட்டுவதாக இருந்தால் இரண்டு கையும் விடுபடும்), நாக்கை அழுத்தும் மரக்குச்சி, ஒரு துண்டு காஸ் துணி. செயற்கைப் பல்செட் போட்டிருந்தால் முதலில் கழற்றச் சொல்லுங்கள். அதைக் கழற்றாமல் பார்த்து, அதற்கடியில் இருந்த புண்ணைத் தவறவிடுவது சாதாரணமாக நடக்கிறது.

முகத்தின் இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா, தாடைக்கடியில் கட்டி தட்டுப்படுகிறதா என்று பார்த்துவிட்டு வாயைத் திறக்கச் சொல்லுங்கள். உதட்டின் உள்பக்கம், இரண்டு கன்னங்களின் உள்பக்கம், ஈறு, அண்ணம் என்று ஒரே வரிசையில் போங்கள். வரிசை மாறினால் ஏதாவது ஓரிடம் விட்டுப்போகும். கடைசியில் நாக்கு. நுனியைக் காஸ் துணியால் பிடித்து மெல்ல வெளியே இழுத்து, இடப்பக்க விளிம்பு, வலப்பக்க விளிம்பு இரண்டையும் பின்னால் வரை பாருங்கள். பிறகு நாக்கை மேலே தூக்கச் சொல்லி வாயின் அடித்தளத்தைப் பாருங்கள். வாய்ப் புற்றுநோய் அதிகம் ஒளிந்திருக்கும் இடங்கள் நாக்கின் ஓரமும் இந்த அடித்தளமும்தான். 'ஆ' காட்டச் சொல்லித் தொண்டையைப் பார்க்கும் வழக்கத்தில் இரண்டுமே கண்ணில் படாது.

இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், துடைத்தால் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, காரணம் தெரியாத கட்டி, மரத்துப்போன உதடு, மூன்று விரல் நுழையாத அளவுக்கு வாய் திறக்க முடியாமை: இவற்றில் எது இருந்தாலும் தாமதிக்காமல் அனுப்புங்கள். வலி இல்லை என்று நோயாளி சொன்னால் நிம்மதி அடைய வேண்டாம். தொடக்க நிலைப் புற்றுநோய் பெரும்பாலும் வலிப்பதில்லை. புகையிலை, பாக்கு, மது பழக்கம் உள்ளவர்களை இன்னும் கவனமாகப் பாருங்கள்.

சிறு குழந்தையாக இருந்தால் மேலுதட்டைத் தூக்கி முன்பற்களைப் பாருங்கள். ஈறை ஒட்டி மங்கலான சுண்ணாம்பு வெள்ளைக் கோடு தெரிந்தால் அது சொத்தையின் முதல் படி. இன்னும் பள்ளம் விழவில்லை, ஃப்ளோரைடால் திருப்பிவிடலாம். அதே இடம் பழுப்பாகிக் குழி விழுந்தபின் திருப்ப முடியாது. அந்த வெள்ளைக் கோட்டைப் பார்க்கும் வாய்ப்பு பல் மருத்துவரைவிடத் தடுப்பூசி போடும் உங்களுக்குத்தான் அதிகம்.

கேள்வி: தடுப்பூசி நாளன்றே குழந்தைகளுக்கு ஃப்ளோரைடு வார்னிஷ் பூசலாமா? அளவு, முறை சொல்லுங்கள்.
— சுகாதாரப் பணியாளர்கள் சிலர்

பதில்: பூசலாம், பூச வேண்டும். சில நாடுகளில் பயிற்சி பெற்ற செவிலியர்களும் பொது மருத்துவர்களும் வழக்கமாகப் பூசுகிறார்கள். உங்கள் விதிகள் யாரை அனுமதிக்கின்றன என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். முதல் பல் முளைத்ததிலிருந்து தொடங்கலாம்.

வழக்கமான வார்னிஷ் 5 சதவீத சோடியம் ஃப்ளோரைடு. அதாவது 22,600 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் இத்தனை பங்கு) ஃப்ளோரைடு. இவ்வளவு அடர்த்தி என்பதால் அளவு முக்கியம். பால்பற்கள் மட்டும் உள்ள குழந்தைக்கு மொத்தம் 0.25 மில்லி போதும். பால்பல்லும் நிலைப்பல்லும் கலந்திருக்கும் வயதில் 0.4 மில்லி. ஒரு குழந்தைக்கு ஒன்று என்று தனித்தனியாக அடைத்து வருவதையே வாங்குங்கள். ட்யூபில் வருவதை ஒருவர் ஒரு சொட்டு, இன்னொருவர் மூன்று சொட்டு என்று கண்ணளவில் எடுப்பார்கள். அடைத்து வருவதையும் பிரித்தவுடன் தூரிகையால் நன்றாகக் கலக்க வேண்டும், ஃப்ளோரைடு அடியில் தங்கிவிடும்.

தாயின் முழங்காலும் உங்கள் முழங்காலும் தொடும்படி எதிரெதிரே உட்காருங்கள். குழந்தை தாயைப் பார்த்தபடி அவர் மடியில் உட்கார்ந்து, பின்பக்கமாக உங்கள் மடியில் தலை வைத்துச் சாயட்டும். கால்களைத் தாய் இடுப்போடு அணைத்துப் பிடித்துக்கொள்வார். குழந்தை அழுதால் வாய் திறந்திருக்கும், வேலை சீக்கிரம் முடியும். காஸ் துணியால் ஒரு பக்கப் பற்களைத் துடையுங்கள். முழுக்கக் காய வேண்டியதில்லை, எச்சில் தேங்காமல் இருந்தால் சரி. மெல்லிய படலமாக எல்லாப் பக்கமும் பூசிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போங்கள். எச்சில் பட்டதும் இறுகிக்கொள்ளும். பூசியபின் அன்று முழுக்க மென்மையான, சூடில்லாத உணவு. பல் துலக்குவது மறுநாள் காலையில். சில வகை வார்னிஷ் பல்லில் மஞ்சளாகத் தெரியும் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் வீட்டுக்குப் போனதும் தேய்த்து எடுத்துவிடுவார்கள்.

வாயில் புண்ணோ, ஈறு அழுகி ரத்தம் வரும் நிலையோ இருந்தால் அன்று பூச வேண்டாம். பல வகை வார்னிஷில் பைன் மரப் பிசின் இருக்கிறது, அதற்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் கூடாது. கடும் ஆஸ்துமாவுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட குழந்தை என்றால் மருத்துவரைக் கேட்காமல் பூசாதீர்கள்.

3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டும். அதனால்தான் தடுப்பூசி அட்டையிலேயே தேதி எழுதச் சொல்கிறோம். தனி நோட்டில் எழுதினால் இரண்டாவது முறை நடக்காது. கூடவே பற்பசை அளவையும் சொல்லிக் கொடுங்கள்: மூன்று வயதுக்குள் ஓர் அரிசி மணி அளவு, அதற்குமேல் ஆறு வயதுவரை ஒரு பட்டாணி அளவு, 1,000 பிபிஎம் ஃப்ளோரைடாவது உள்ள பசை. துப்பினால் போதும், தண்ணீர் விட்டு அலசிக் கொப்பளிக்க வேண்டாம்.

கேள்வி: சர்க்கரை குறையட்டும், பிறகு பல்லைப் பிடுங்கலாம் என்கிறார் பல் மருத்துவர். பல்லில் சீழ் இருந்தால் சர்க்கரை குறையாது என்கிறார் பொது மருத்துவர். நான் யார் பேச்சைக் கேட்பது?
— நோயாளி ஒருவர்

பதில்: இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. அவர்கள் ஒருவரோடொருவர் பேசாததுதான் உங்களை அலைய வைக்கிறது.

சர்க்கரை கூடினால் ஈறு நோய் முற்றும், புண் ஆறத் தாமதமாகும். ஈறு நோயின் அழற்சி இன்சுலின் வேலை செய்வதைக் கெடுத்துச் சர்க்கரையை ஏற்றும். ஈறுக்கு அடியில் சுத்தம் செய்து நோயைக் கட்டுப்படுத்தினால் மூன்று நான்கு மாதத்தில் மூன்று மாதச் சராசரி சுமார் 0.4 சதவீதப் புள்ளி குறைவதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். சிறிய எண்தான், ஆனால் மாத்திரையைக் கூட்டாமல் கிடைப்பது.

சீழ் பிடித்த பல்லைப் பொறுத்தவரை, இந்த எண்ணுக்குக் கீழே வந்தால்தான் தொடுவேன் என்று காத்திருப்பது சரியில்லை. தொற்று இருக்கும்வரை அந்த எண் வராது. சீழை வெளியேற்றுவதோ பல்லை எடுப்பதோ பொது மருத்துவரோடு பேசிவிட்டு அன்றே செய்ய வேண்டிய வேலை. செயற்கைப் பல் பதிப்பது போன்ற, அவசரமில்லாத வேலைகளைச் சர்க்கரை கட்டுக்குள் வரும்வரை தள்ளிப்போடலாம்.

போகும் நாளில் வழக்கம்போலச் சாப்பிட்டு, மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு, காலை நேரத்தில் போங்கள். 'பல் பிடுங்கப் போகிறோம்' என்று பட்டினியாகப் போய், மருந்து மட்டும் போட்டுக்கொண்டவர்கள் இருக்கையில் மயங்கிவிடுவது உண்டு. இது பல் பிரிவு ஊழியர்களுக்கும்: குளுக்கோமீட்டர் உங்கள் அறையிலேயே இருக்கட்டும். 70-க்குக் கீழே காட்டினால் வேலையைத் தொடங்காமல் 15 கிராம் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். சர்க்கரை மிக அதிகமாக இருந்து, வாந்தி, வேகமான மூச்சு, தடுமாற்றம் எதுவும் சேர்ந்திருந்தால் பல்லை மறந்துவிட்டு உடனே கீழே, பொதுப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள், வால்வு மாற்றியவர்கள் பல் பிடுங்க வரும்போது 'ரத்தம் நீர்க்கும் மாத்திரையை ஐந்து நாள் நிறுத்திவிட்டு வாருங்கள்' என்று சொல்லி அனுப்புகிறோம். இது சரிதானா?
— பல் பிரிவு உதவியாளர் ஒருவர்

பதில்: சரியில்லை. இன்றே நிறுத்த வேண்டிய வழக்கம் இது. பல் பிடுங்கிய இடத்தில் கசியும் ரத்தத்தை அழுத்தி நிறுத்தலாம். ஸ்டென்ட்டிலோ வால்விலோ ரத்தம் உறைந்தால் உயிர் போகலாம்.

ஆஸ்பிரின், கிளோபிடோக்ரெல் இரண்டையும் தொடர்ந்தபடியே சாதாரணமாகப் பல் எடுக்கலாம். ஸ்டென்ட் வைத்த முதல் மாதங்களில் இரண்டும் சேர்த்துச் சாப்பிடுபவர்களுக்கு இதய மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள் ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண்) பாருங்கள்; நீண்ட நாளாக நிலையாக இருப்பவருக்கு 72 மணி நேரத்துக்குள் பார்த்ததும் போதும். 4-க்குக் கீழே இருந்தால் மாத்திரையை நிறுத்தாமல் எடுக்கலாம் என்பது பிரிட்டனில் பின்பற்றும் வரம்பு, 3.5 என்று வைத்துக்கொள்பவர்களும் உண்டு. அபிக்ஸபான், ரிவராக்ஸபான், டாபிகாட்ரான் போன்ற புது மருந்துகளுக்கு ஐஎன்ஆர் உதவாது. ஒன்றிரண்டு பல் எளிதாக எடுப்பதற்கு அவற்றையும் தொடரலாம். பல பற்கள், அறுவை என்றால் காலை வேளை மருந்தைத் தவிர்ப்பதா தள்ளிவைப்பதா என்பதைப் பொது மருத்துவர் எழுதித் தர வேண்டும்.

பல் பக்கத்தில் செய்ய வேண்டியது: காலை நேரம், வாரத்தின் முதல் நாட்கள், அதாவது கசிந்தால் மறுபடி வர மையம் திறந்திருக்கும் நேரம். ஒரே நாளில் பல பற்களை எடுக்காமல் பிரித்துக்கொள்ளுங்கள். குழியில் ரத்தம் உறைய உதவும் ஜெலட்டின் ஸ்பாஞ்ச் அல்லது ஆக்சிடைஸ்ட் செல்லுலோஸ் வைத்துத் தையல் போட்டு, காஸ் துணியைக் கடிக்கவைத்து, ரத்தம் நின்றதைக் கண்ணால் பார்த்தபின்பே அனுப்புங்கள்.

மருந்தகத்தில் இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வார்ஃபரின் நோயாளிக்குப் பல் பிரிவிலிருந்து மெட்ரோனிடசோலோ, வாய்ப் பூஞ்சைக்கு மைகோனசோல் ஜெல்லோ வந்தால் கொடுக்காமல் திரும்பக் கேளுங்கள். வாயில் தடவும் ஜெல்தானே என்று விட்டுவிடுவார்கள், ஆனால் அது உள்ளே போய் ஐஎன்ஆரை ஆபத்தான அளவுக்கு ஏற்றிவிடும். இரண்டு பிரிவின் சீட்டும் ஒரே மருந்தகத்துக்கு வருவதன் பெரிய லாபமே இந்தக் கண்டுபிடிப்புதான்.

செயற்கை வால்வு உள்ளவர்கள், இதய உள்ளுறைத் தொற்று முன்பு வந்தவர்கள், சில வகைப் பிறவி இதயக் கோளாறு உள்ளவர்கள் ஆகியோருக்கு ஈறைத் தொடும் சிகிச்சைக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு 2 கிராம் அமாக்சிசிலின் ஒரே வேளையாகக் கொடுக்க அமெரிக்க இதயச் சங்கம் பரிந்துரைக்கிறது. பெனிசிலின் ஒவ்வாமை உள்ளவர்களுக்குக் கிளிண்டமைசின் கொடுக்கும் பழைய வழக்கத்தை அச்சங்கம் 2021-இல் கைவிட்டது. உங்கள் சுவரில் ஒட்டியிருக்கும் அட்டவணை அதற்கு முந்தையதாக இருந்தால் மாற்றுங்கள்.

எலும்புத் தேய்மானத்துக்கு அலென்ட்ரோனேட், ஜோலெட்ரானிக் அமிலம், டெனோசுமாப் தொடங்கப் போகும் நோயாளியைப் பொது மருத்துவர் முதல் மாத்திரைக்கோ ஊசிக்கோ முன்பே பல் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். எடுக்க வேண்டிய பல்லை அப்போதே எடுத்துவிட்டால், பின்னாளில் பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து குறையும். நோயாளி சாப்பிடுவது என்ன என்று பல் மருத்துவர் கேட்கும்போது 'வாரம் ஒரு மாத்திரை', 'ஆறு மாதத்துக்கு ஓர் ஊசி' என்பவற்றைத் தனியாகக் கேட்க வேண்டும். தினமும் சாப்பிடாததால் நோயாளிகள் அவற்றைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: ரத்த அழுத்த நோயாளி ஒருவருக்கு ஈறு வீங்கிப் பாதிப் பல்லை மூடியிருக்கிறது. சுத்தம் செய்தாலும் மறுபடி வளர்கிறது.
— பல் மருத்துவர் ஒருவர்

பதில்: மருந்துச் சீட்டைப் பாருங்கள். அம்லோடிபின், நிஃபெடிபின் இரண்டும் சிலருக்கு ஈறை இப்படி வளர்க்கும். வலிப்பு மருந்தான ஃபெனிடோயினும், உறுப்பு மாற்று செய்தவர்கள் எடுக்கும் சைக்ளோஸ்போரினும் அப்படியே. மருந்தை நீங்களாக நிறுத்தச் சொல்லாமல், மாற்று மருந்து தர முடியுமா என்று காரணத்தோடு பொது மருத்துவருக்கு எழுதுங்கள். அழுக்குப் படிவு அதிகமிருந்தால் வளர்ச்சியும் அதிகமாகும், எனவே சுத்தம் செய்வதை விடக் கூடாது. அழுத்தத்தைப் பல் இருக்கையிலும் பாருங்கள்: 180/110 தாண்டினால் அவசரமில்லாத வேலையை ஒத்திவைத்து அன்றே கீழே அனுப்புங்கள்.

கேள்வி: ஆறு மாதக் கர்ப்பம். கடைவாய்ப் பல் வலியில் தூக்கமில்லை. 'பிரசவம் முடியட்டும்' என்கிறார்கள்.
— வாசகி ஒருவர்

பதில்: காத்திருக்காதீர்கள். கர்ப்ப காலத்தில் எந்த மாதத்திலும் அவசரப் பல் சிகிச்சை செய்யலாம். நான்கு முதல் ஆறு மாதம்வரை மிகவும் வசதியான காலம். மரத்துப்போக வைக்கும் லிக்னோகைன் ஊசி, அட்ரீனலின் கலந்ததும்கூட, பாதுகாப்பானது. தேவையென்றால் பல் எக்ஸ்ரேயும் எடுக்கலாம். வலிக்குப் பாராசிட்டமால் சாப்பிடுங்கள். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் வேண்டாம்; 20 வாரத்துக்குப் பிறகு அவை குழந்தையின் சிறுநீரகத்தையும் இதயத்தையொட்டிய ரத்தக்குழாயையும் பாதிக்கலாம். நீண்ட நேரம் மல்லாந்து படுத்தால் தலைசுற்றும், வலது இடுப்புக்குக் கீழே சிறு தலையணை வைத்து இடப்பக்கம் சற்றுச் சாய்ந்துகொள்ளுங்கள். வாந்தி எடுத்தவுடன் பல் துலக்காதீர்கள். அமிலத்தால் மேற்பரப்பு இளகியிருக்கும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடா கலந்து கொப்பளித்துவிட்டு அரை மணி நேரம் கழித்துத் துலக்குங்கள்.

கேள்வி: பல் மருத்துவர் வாரம் இரண்டு நாள்தான் வருகிறார். மற்ற நாட்களில் பல்வலியோடு வருபவர்களுக்கு அமாக்சிசிலினும் வலி மாத்திரையும் கொடுத்து அனுப்புகிறோம். வேறு வழி உண்டா?
— இளம் மருத்துவர் ஒருவர்

பதில்: உண்டு. முதலில் முகத்தைப் பாருங்கள். வீக்கமும் காய்ச்சலும் இல்லாத பல்வலிக்கு ஆன்டிபயாடிக் பயன்படாது. உள்ளே இருப்பது நரம்பு அழற்சி. நரம்பு செத்துப்போயிருந்தால் அங்கே ரத்த ஓட்டமே இல்லை, மாத்திரை போய்ச் சேராது. பல்லைத் திறப்பதோ எடுப்பதோதான் மருந்து. அதுவரை, வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ரத்தம் நீர்க்கும் மருந்து, கர்ப்பம் எதுவும் இல்லாத பெரியவர்களுக்கு ஐபுபுரூஃபன் 400 மில்லிகிராமும் பாராசிட்டமால் 500 முதல் 1,000 மில்லிகிராமும் சேர்த்துக் கொடுங்கள். பல்வலிக்கு இந்த இணை நன்றாகவே வேலை செய்யும். பாராசிட்டமால் நாளுக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது. ஆஸ்பிரினை ஈறில் வைத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள், ஈறு வெந்துபோகும் என்று சொல்லுங்கள்.

வீக்கமும் காய்ச்சலும் சேர்ந்திருந்தால், அல்லது வீக்கம் பரவினால் ஆன்டிபயாடிக் தேவை. பெரியவர்களுக்கு அமாக்சிசிலின் 500 மில்லிகிராம் நாளுக்கு மூன்று வேளை. மூன்று நாள் கழித்துக் கட்டாயம் மறுபடி பாருங்கள். அதோடு பல் மருத்துவர் வரும் நாளின் முதல் இடத்தை அவருக்கே ஒதுக்கிவிடுங்கள். மாத்திரையில் வீக்கம் வடிந்ததும் 'சரியாகிவிட்டது' என்று வராமல் விடுபவர்கள்தான் அடுத்த முறை மோசமான நிலையில் வருகிறார்கள்.

நாக்குக்குக் கீழ்ப்பகுதி வீங்கி நாக்கு மேலே தூக்கிக்கொண்டு, எச்சிலை விழுங்க முடியாமல், குரல் மாறி, வாய் திறக்க முடியாமல் வந்தால் அது உயிருக்கு ஆபத்து. மூச்சுப் பாதை சில மணி நேரத்தில் அடைபடலாம். படுக்கவைக்காமல் உட்காரவைத்தே பெரிய மருத்துவமனைக்கு அனுப்புங்கள். கண்ணைச் சுற்றிய வீக்கமும் அப்படியே.

கேள்வி: பல் இருக்கை வந்து பல மாதம் ஆகிறது. பல் கருவிகளுக்குக் காற்று தரும் கம்ப்ரஸர் பழுது, கருவிகளை நீராவியில் கிருமிநீக்கும் ஆட்டோகிளேவ் ஒன்றுதான். இருப்பதை வைத்து என்ன செய்யலாம்?
— மைய நிர்வாகி ஒருவர்

பதில்: கம்ப்ரஸர் இல்லாமலே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. 38 சதவீத சில்வர் டையமின் ஃப்ளோரைடை ஒரு சொட்டு எடுத்தால் நான்கைந்து பற்களுக்கு வரும். குழியைத் துடைத்து உலர்த்தி, ஒரு நிமிடம் தடவினால் சொத்தை நிற்கும். சொத்தை இருந்த இடம் நிரந்தரமாகக் கறுத்துவிடும் என்று முன்பே படம் காட்டி ஒப்புதல் பெறுங்கள். உதட்டைச் சுற்றி வாசலின் தடவாவிட்டால் தோலும் கறுக்கும், அது ஓரிரு வாரத்தில் போய்விடும். நரம்புவரை போன சொத்தைக்கு, வெள்ளி ஒவ்வாமை உள்ளவருக்கு இது கூடாது. சிறு குழிகளைக் கைக்கருவியால் சுரண்டி கிளாஸ் அயனோமர் சிமெண்டால் அடைக்கலாம், மின்சாரமே வேண்டாம். இவை இரண்டும் ஃப்ளோரைடு பற்பசையும் 2021 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன. கொள்முதலுக்கு எழுதும்போது இதைக் குறிப்பிடுங்கள்.

கம்ப்ரஸர் பழுதாவதற்குப் பெரும்பாலும் காரணம் தொட்டியில் தேங்கும் தண்ணீர். தினமும் வேலை முடிந்ததும் அடி வால்வைத் திறந்து வடிக்க வேண்டும். வாங்குவதானால் எண்ணெய் இல்லாத வகையை வாங்குங்கள். எண்ணெய்ப் புகை கலந்த காற்று பட்டால் பல்லில் வைக்கும் அடைப்பு ஒட்டாது.

ஆட்டோகிளேவ் ஒன்றே இருந்தால், எத்தனை கருவி செட் வேண்டும் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். கழுவி, காயவைத்து, உறையிலிட்டு, 121 டிகிரியில் 30 நிமிடம் வைத்து, உலர்த்தி, ஆறவைக்க மொத்தம் ஒன்றரை மணி நேரமாவது ஆகும். அந்த நேரத்தில் எத்தனை நோயாளிகளைப் பார்ப்பீர்களோ அதைப்போல் இரண்டு மடங்கு செட்டும் மேற்கொண்டு சிலவும் வேண்டும். செட் போதாத இடத்தில்தான் ஈரமான உறையை அவசரத்துக்குப் பிரிப்பதும், பல்லைக் குடையும் கைப்பிடி இயந்திரத்தைத் துணியால் துடைத்து அடுத்தவர் வாயில் வைப்பதும் நடக்கிறது. கைப்பிடி இயந்திரத்தையும் ஒவ்வொரு நோயாளிக்குப் பின்னும் வெப்பத்தில் கிருமிநீக்கம் செய்தே ஆக வேண்டும். ரத்தம் காய்ந்து ஒட்டிய கருவியை நீராவியால் சுத்தம் செய்ய முடியாது, எனவே கழுவுவதில் குறை வைக்கக் கூடாது. வாரம் ஒருமுறை ஸ்போர் சோதனை (வெப்பத்தைத் தாங்கும் கிருமி வித்துகளை உள்ளே வைத்து, அவை செத்தனவா என்று பார்ப்பது) செய்து முடிவைத் தேதியோடு எழுதிவையுங்கள். நிறம் மாறும் டேப் வெப்பம் பட்டதை மட்டுமே சொல்லும், கிருமி செத்ததைச் சொல்லாது.

கேள்வி: இணைப்பு நடக்கிறதா என்று தெரிந்துகொள்ள மாதந்தோறும் எதை எண்ணுவது? இப்போது பிடுங்கிய பற்களின் எண்ணிக்கையைத்தான் அனுப்புகிறோம்.
— மாவட்ட அளவில் வேலை செய்யும் ஒருவர்

பதில்: அந்த எண் கூடினால் மகிழ்வதா வருந்துவதா என்றே தெரியாது. நான்கை எண்ணுங்கள்: பதிவிலுள்ள சர்க்கரை நோயாளிகளில் இந்த வருடம் வாய்ப் பரிசோதனை நடந்தவர்கள் எத்தனை பேர், கீழிருந்து அனுப்பியவர்களில் மாடிக்குப் போய்ச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், சேர்ந்தவர்களில் தொடங்கிய சிகிச்சையை முடித்தவர்கள் எத்தனை பேர், பல் பிரிவில் அழுத்தமோ சர்க்கரையோ கூடுதலாகத் தெரிந்து கீழே அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேர். இரண்டாவது எண் குறைவாக இருந்தால் சீட்டிலோ நேரம் ஒதுக்குவதிலோ கோளாறு. மூன்றாவது குறைந்தால் ஒரே வருகையில் முடிக்கக்கூடிய வேலைகளைப் பிரித்துப் பிரித்துச் செய்கிறார்களா என்று பாருங்கள். நான்காவது மாதக்கணக்கில் பூஜ்யமாகவே இருந்தால் பல் பிரிவில் அழுத்தம் பார்க்கும் கருவி வேலை செய்கிறதா என்று நேரில் போய்ப் பார்த்துவிடுங்கள். பேட்டரி தீர்ந்து அலமாரியில் கிடப்பதும் உண்டு.